பகுதி நேரச் சிப்பாய் எதற்கு உதவுவான்?

(ஜனவரி 26 அன்று நம் வளாகத்தில் கொடியேற்றம் முடிந்ததும் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று ஊரில் இல்லாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



பொங்கலும் வடையும் ஆறிக்கொண்டிருப்பதாக செக்ரட்டரி சார் சைகை காட்டுகிறார். எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிஷம். அதற்குள் முடித்துவிடுகிறேன். முடிக்காவிட்டால் குழந்தைகளை முதலில் சாப்பிட அனுப்பிவிடுங்கள்.

டிசம்பர் பொதுக்குழுவில் ஒரு விவாதம் நடந்தது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம், தீ, லிஃப்ட் கோளாறு மாதிரி அவசரங்களுக்காக செக்யூரிட்டி ஏஜென்சியிடம் இன்னும் நான்கு பேர் வாங்கலாமா என்று ஒரு தீர்மானம் வந்தது. வீட்டுக்கு மாதம் 450 ரூபாய் மெயின்டனன்ஸ் கூடும். அதற்குப் பதிலாக நம் குடியிருப்பவர்களில் இருந்தே ஒரு குழு அமைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். உடனே பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சார், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பகுதி நேரமாக வந்து நிற்கிறவர் அவசரத்துக்கு எதற்கு உதவுவார்?"

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கேள்வியும் நியாயமானது. ஆனால் இந்தக் கேள்வியை நான் முதல்முறை கேட்கவில்லை. பதினான்கு வருடம் என் முகத்துக்கு நேராகவும் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் நானே ஒரு பகுதி நேரச் சிப்பாய். அன்று நேரம் இல்லாததால் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

டி.ஏ. என்றால் என்ன?

நான் 1991-ல் முப்பது வயதில் பிராந்திய ராணுவத்தில் சேர்ந்தேன். டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ. அப்போது நான் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரை அந்த வேலையில்தான் இருந்தேன். டி.ஏ.வின் முதல் விதியே அதுதான். உங்களுக்கு வேறு ஒரு பிழைப்பு இருக்க வேண்டும். இதை நம்பிப் பிழைக்க வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை.

1948-ல் இதற்கான சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. அதனால்தான் இன்றும் அக்டோபர் 9 டி.ஏ. தினம். அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே, 1920 சட்டப்படி, இந்திய டெரிடோரியல் ஃபோர்ஸ் என்று ஒன்று இருந்தது.

ஏற்பாடு எளிமையானது. அமைதிக் காலத்தில் நீங்கள் உங்கள் வேலையில் இருப்பீர்கள். வருடத்துக்கு இரண்டு மாதம் வரை சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போவீர்கள். தேவை வந்தால் அரசு உங்களை அழைக்கும். அழைத்துவிட்டால் அன்று முதல் நீங்கள் முழுநேரச் சிப்பாய்தான். அதே சம்பளம், அதே படி, அதே ராணுவச் சட்டம். இப்படி அழைத்துப் பணியில் வைப்பதை 'எம்பாடிமென்ட்' என்பார்கள். 1962, 1965, 1971 போர்களில் டி.ஏ. வீரர்கள் பணியில் இருந்தார்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். போன வருடம் மே மாதம், எல்லையில் பதற்றம் இருந்தபோது, மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. டி.ஏ.வின் எந்த அதிகாரியையும் எந்த வீரரையும் தேவைப்பட்டால் அழைத்துக்கொள்ள ராணுவத் தளபதிக்கு அதில் அதிகாரம் கொடுத்தார்கள். டி.ஏ.வில் இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் அமர்த்தவும் அனுமதி. அன்று இந்தியாவில் எத்தனையோ அலுவலகங்களில், கடைகளில், பட்டறைகளில் ஒருவர் தன் முதலாளியிடம் போய் "சார், எனக்கு அழைப்பு வரலாம்" என்று சொல்லியிருப்பார். அந்த வரியைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும்.

நான் பார்த்தது

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களை அழைத்தார்கள். இரண்டு வருடம் ஜம்மு பக்கம். எங்கள் வேலை ஒரு மலைப்பாதையைக் காப்பது. தினமும் காலையில் ராணுவ லாரிகள் வருவதற்கு முன்னால் சாலையின் இரண்டு பக்கமும் நடந்து, கண்ணிவெடி ஏதாவது புதைத்திருக்கிறதா, புதர் மறைவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு "சாலை திறந்தாச்சு" என்று தகவல் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த பகுதியைப் பார்த்தவர்கள் நிரந்தர ராணுவப் பிரிவு.

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று வாரம் நாங்கள் அவர்கள் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. அவர்கள் தங்கள் பகுதியை முடித்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம். ஒருநாள் எங்களால் லாரிகள் ஐம்பது நிமிஷம் வெட்டவெளியில் நின்றன. மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் லாரி எதிரிக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பிரிவின் மேஜர் என்னைக் கூப்பிட்டு, கத்தாமல், ஒரே வாக்கியம் சொன்னார்: "உங்கள் ஆட்கள் சாலையைப் பார்க்கிறார்கள், என் ஆட்களுக்குச் சாலை தெரியும்."

அதுதான் முழுநேரப் படையின் பலம். தினமும் செய்வதால் கைக்குப் பழகிவிடுகிறது. யோசிக்காமலே உடம்பு செய்கிறது. இருபது பேர் ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நகர்கிறார்கள். இரண்டு மாதப் பயிற்சியில் அது வராது. நாங்களும் கற்றுக்கொண்டோம், நான்காவது மாதத்தில் அவர்களுக்குச் சமமாக வந்தோம். ஆனால் அந்த முதல் மூன்று வாரத்தில் ஏதாவது நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் போஸ்ட்டின் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. வயர்லெஸ் செட்டின் பேட்டரியை அதில்தான் சார்ஜ் செய்வோம். பனியால் கீழே இருந்து மெக்கானிக் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். எங்கள் கம்பெனியில் கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவர் அதைப் பிரித்துப் போட்டு, தேய்ந்த பாகத்துக்குப் பதில் உடைந்த ஜீப்பில் இருந்து ஒன்றை எடுத்து ராவி, ஒரே இரவில் ஓட வைத்தார். பக்கத்துப் பிரிவில் இருந்து அடுத்த வாரமே ஆள் அனுப்பினார்கள். "உங்கள் பம்ப்செட்காரரைக் கொஞ்சம் அனுப்புங்கள், எங்களுக்கும் ஒன்று கிடக்கிறது" என்று.

அதுதான் பகுதி நேரப் படையின் பலம். எங்கள் கம்பெனியில் லாரி டிரைவர் இருந்தார், எலக்ட்ரீஷியன் இருந்தார், கொத்தனார் இருந்தார், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். ராணுவம் இவர்களுக்குச் சிப்பாய் வேலையைக் கற்றுக்கொடுத்தது. இவர்கள் தங்கள் வேலையை ராணுவத்துக்கு இலவசமாகக் கொண்டுவந்தார்கள்.

உலகம் என்ன செய்கிறது?

என் அனுபவம் ஒரு சின்ன மூலை. பெரிய அளவில் பார்த்தாலும் இதே இரண்டு பக்கம்தான் தெரிகிறது.

1990-ல் குவைத் பிரச்சினையில் அமெரிக்கா போருக்குத் தயாரானது. அவர்களிடம் நேஷனல் கார்ட் என்று ஒரு பகுதி நேரப் படை உண்டு. மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. அதில் ஜார்ஜியா மாநிலத்தின் 48-வது பிரிகேடு, போர் வந்தால் ஒரு முழுநேர டிவிஷனோடு சேர்ந்து போக வேண்டும் என்று பல வருடமாகவே திட்டம். டிவிஷன் போய்விட்டது. பிரிகேடை நவம்பர் கடைசியில் அழைத்து, பிறகு கலிபோர்னியா பாலைவனத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிரிகேடு போருக்குத் தயார் என்று சான்று கொடுத்த நாள் 1991 பிப்ரவரி 28. போர் நின்ற நாளும் அதுதான்.

நம் பொதுக்குழுவில் கேள்வி கேட்ட தம்பிக்கு இது நல்ல சாட்சி. ஆனால் அதே போரில் லாரி ஓட்டியவர்களில், காயம்பட்டவர்களைப் பார்த்த டாக்டர், நர்ஸ்களில், சரக்கைக் கப்பலில் ஏற்றி இறக்கியவர்களில் ரிசர்வ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் தாமதமாகவில்லை. ஏன்? ஊரில் தினமும் செய்த வேலையையே அவர்கள் அங்கேயும் செய்தார்கள். டாங்கிகளை ஒன்றோடொன்று சேர்த்து நகர்த்துவது ஊரில் யாரும் தினமும் செய்யும் வேலை இல்லை. அதனால் அங்கே இடறியது. ஆக, "பகுதி நேரம் உதவுமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "எந்த வேலைக்கு உதவும்" என்று கேட்க வேண்டும்.

1973 அக்டோபரில் இஸ்ரேலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய புனித நாளில் சிரியாவும் எகிப்தும் தாக்கின. கோலன் மலையில் முதல் நாள் தாங்கியவர்கள் அங்கே ஏற்கனவே இருந்த கொஞ்சம் டாங்கிப் படையினர். ரிசர்வ் வீரர்கள் வீட்டிலும் கோயிலிலும் இருந்து புறப்பட்டு வந்து சேரும்வரை அவர்கள் தாங்கினார்கள். தாங்கியிருக்காவிட்டால் வந்தவர்களுக்கு இடமே இருந்திருக்காது. வராமல் இருந்திருந்தால் தாங்கியவர்கள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். வாசலில் நிற்க ஒருவர், வீட்டுக்குள்ளிருந்து வர நூறு பேர். இரண்டும் வேண்டும்.

பின்லாந்தில் மொத்த மக்கள்தொகையே ஐம்பத்தைந்து லட்சம் சொச்சம், நம் சென்னையை விடக் குறைவு. அமைதிக் காலத்தில் அவர்கள் படையில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். போர் வந்தால் 2,80,000 பேரை நிறுத்த முடியும் என்று கணக்கு. சுவிட்சர்லாந்தில் படை குடிமக்கள் படையாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆண்கள் ஆரம்பத்தில் 18 வாரம் பயிற்சி எடுத்துவிட்டு, அப்புறம் வருடா வருடம் மூன்று வாரம் வீதம் பழகுகிறார்கள். சிங்கப்பூர் 1967-ல் இருந்து இதைச் செய்கிறது. இரண்டு வருடம் முழுநேரம், அதன் பிறகு பத்து வருடச் சுற்றில் வருடத்துக்கு 40 நாள் வரை. சிங்கப்பூரில் உறவு உள்ளவர்கள் இங்கே நாலைந்து வீடாவது இருக்கிறீர்கள். "பையன் ரிசர்விஸ்ட் போயிருக்கான், அடுத்த வாரம்தான் பேசுவான்" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையன்தான் இது.

இவையெல்லாம் சின்ன நாடுகள், நிலைமையும் வேறு, கட்டாய சேவை உள்ள நாடுகள். நம்முடையது பெரிய நாடு, கட்டாயம் கிடையாது, விரும்பி வருகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். அதனால் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் பணக் கணக்கு நமக்கும் உண்டு. 2025-26-ல் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.60 லட்சம் கோடி. அந்த ஓய்வூதியத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை, அது அவர்கள் ரத்தம் கொடுத்துச் சம்பாதித்தது. ஆனால் ஒவ்வொரு காவல் வேலைக்கும் வாழ்நாள் முழுக்கச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்து ஆள் வைக்க எந்த நாட்டுக்கும் கட்டாது. டி.ஏ.வில் பயிற்சிக்கும் பணிக்கும் வந்த நாட்களுக்கு மட்டும்தான் சம்பளம். அழைப்பின் பேரில் பணியில் இருந்த காலம் மட்டுமே பல வருடம் சேர்ந்தால்தான் ஓய்வூதியம். எனக்கு அது இல்லை.

வயநாட்டில் இரண்டும் இருந்தன

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜூலை 30 விடிவதற்குள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் வந்து மூடியது. அங்கே போன ராணுவத்தில் ஒன்று 122-வது டி.ஏ. பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தது, கேரளத்தில் இருப்பது. நடிகர் மோகன்லால் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பதும் இதில்தான். அவர் சீருடையில் அங்கே போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். சேற்றில் இறங்கி ஆட்களைத் தேடிய வேலையில் இந்தப் பட்டாலியனும் இருந்தது.

ஆனால் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. ஜே.சி.பி.யை அக்கரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதைத் தீர்த்தவர்கள் பெங்களூரில் இருந்து வந்த மெட்ராஸ் என்ஜினியர் குரூப். முழுநேர வீரர்கள். இரவும் பகலும் மழையில் நின்று 190 அடி நீளத்துக்கு பெய்லி பாலம் கட்டி ஆகஸ்ட் 1 அன்று திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் பாலம் கட்ட வாழ்நாள் பழக்கம் வேண்டும். பகுதி நேரத்தால் ஆகாது. அதே சமயம், பக்கத்து மண்ணையும் மொழியையும் அறிந்த ஆட்கள் கையில் இருந்தது அந்த நாட்களில் சின்ன விஷயம் இல்லை. யார் உசத்தி என்ற கேள்வி அங்கே யாருக்கும் வரவில்லை.

டி.ஏ.வின் இன்னொரு முகமும் உண்டு. முசௌரி மலையில் சுண்ணாம்புக் கல் வெட்டி வெட்டி மலையே மொட்டையாகி நின்றது. 1982-ல் முன்னாள் ராணுவத்தினரைச் சேர்த்து 127-வது டி.ஏ. பட்டாலியனை அமைத்தார்கள். அவர்களுக்கு ஆயுதம் மண்வெட்டி. மரம் நட்டு, தடுப்பணை கட்டி, அந்த மலையைப் பச்சையாக்கினார்கள். அதற்கு அடுத்து ராஜஸ்தான் பாலைவனத்திலும் இப்படி ஒரு பட்டாலியன் வந்தது. இந்த வேலைக்கு நிரந்தரக் காலாட்படையை அனுப்ப முடியாது. அனுப்பவும் கூடாது.

கெடுவது எப்படி?

பகுதி நேரப் படை எப்போது கெடும் என்று பதினான்கு வருடத்தில் நான் கற்றது மூன்று.

ஒன்று, பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்து பழக்கம் இல்லாமல் போனால். காகிதத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கூப்பிட்டால் பாதிப் பேருக்கு பூட்ஸ் சேராது.

இரண்டு, எந்த வேலை என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால். முழுநேர ஆள் எல்லாவற்றையும் பழகலாம். பகுதி நேர ஆள் மூன்று விஷயத்தை நன்றாகப் பழகினால் போதும். முப்பது விஷயத்தைத் தலையில் ஏற்றினால் ஒன்றும் நிற்காது.

மூன்றாவது, வீடும் வேலையும் சம்மதிக்காவிட்டால். சட்டப்படி, அழைப்பு முடிந்து வந்தவரை முதலாளி பழைய வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நான் மலையில் இருந்தபோது பதவி உயர்வு நேர்காணல் வந்து போய்விட்டது. எனக்கு ஜூனியராக இருந்தவருக்குக் கீழே நான்கு வருடம் வேலை பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வருடம் என் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகளோடும் பக்கவாதம் வந்த என் அப்பாவோடும் தனியாக இருந்தாள். நிரந்தர ராணுவத்தில் இருப்பவர் மனைவிக்குக் குடியிருப்பு உண்டு, பக்கத்தில் அதே நிலையில் நாலு பேர் உண்டு. டி.ஏ. சிப்பாயின் மனைவி ஒரு சாதாரணத் தெருவில் தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் "அவர் பேங்க்ல தானே இருக்கார், ஏன் போனார்?" என்று கேட்பார்கள். பகுதி நேரப் படை மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை அவள்தான் கட்டினாள். அது எந்த பட்ஜெட்டிலும் வராது. அவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

இப்போது நம் வளாகம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆனால் எல்லோரும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று தெரியவில்லை.

காலையிலேயே கரண்ட் போனது. பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறி ஜெனரேட்டரும் போனது. லிஃப்ட் நின்றது. பி பிளாக் ஆறாவது மாடியில் ஒரு பாட்டிக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குத்தான். செக்யூரிட்டி இரண்டே பேர். பகல் ஷிஃப்ட் ஆட்கள் வர முடியவில்லை, அவர்கள் வீடே தண்ணீரில். இருந்த இரண்டு பேரும் முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை.

பாட்டியைக் கீழே இறக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். மனதில் குறையே சொல்ல முடியாது, பதினைந்து பேர் வந்தார்கள். ஆனால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 2019-ல் தீயணைப்புப் பயிற்சி முடிந்தபோது நாம் மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கினோம். அது கிளப் ஹவுஸ் ஸ்டோர் ரூமில் இருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். நான்காவது மாடித் திருப்பத்தில் ஒருவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். நாற்காலி சாய்ந்தது. பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாடி இறங்க ஒரு மணி நாற்பது நிமிஷம்.

பாட்டி பிழைத்தார். இப்போதும் மேலே பால்கனியில் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், வேண்டுமானால் கை காட்டுங்கள். ஆனால் அந்த வழுக்கலில் ஒரு அடி இந்தப் பக்கம் போயிருந்தால்?

இதில் எனக்கு ஒரு வெட்கம் உண்டு. பதினான்கு வருடம் சீருடை போட்டவன் நான். காயம்பட்டவரை மலையில் இருந்து இறக்கப் பயிற்சி எடுத்தவன். அந்தப் பதினைந்து பேரில் நானும் ஒருவன். ஸ்ட்ரெச்சர் சாவி எனக்கும் தெரியவில்லை. வாங்கிய வருடத்தோடு அதை நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரம் சாலையைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றவனுக்கு அந்த மேஜர் சொன்னது, இத்தனை வருடம் கழித்து நம் மாடிப்படியில் மறுபடி காதில் விழுந்தது.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பழகாத பகுதி நேரக்காரர் உதவ மாட்டார். அன்று நானே உதவவில்லை. ஆனால் ஏஜென்சியில் இருந்து வாங்கப்போகும் அந்த நான்கு பேர் எங்கே குடியிருப்பார்கள்? அடுத்த வெள்ளத்திலும் அவர்கள் வீட்டில்தான் முதலில் தண்ணீர் ஏறும். அவர்கள் தங்கள் குழந்தைகளைப் பார்ப்பார்களா, நம் ஸ்டோர் ரூமைத் திறக்க வருவார்களா? குறை சொல்லவில்லை. நாமும் அப்படித்தான் செய்வோம். அந்த நேரத்தில் இந்த வளாகத்துக்குள் கட்டாயம் இருப்பவர்கள் நாம் மட்டும்தான்.

செக்யூரிட்டியைக் குறைக்கச் சொல்லவில்லை. இரவில் இரண்டு பேர் போதாது, ஒருவரைக் கூட்ட வேண்டும். அதற்கு வீட்டுக்கு நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம்தான் கூடும். வாசல், கேமரா, சம்ப் மோட்டார், ராத்திரி ரோந்து, இவையெல்லாம் தினமும் செய்கிறவர்கள் வேலை. அதை நாம் செய்ய முடியாது. முயன்றால் ஒரு வாரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வரும்.

அதோடு ஒரு பிளாக்குக்கு எட்டுப் பேர், மூன்று பிளாக்குக்கு இருபத்துநான்கு பேர் கேட்கிறேன். மூன்றே மூன்று வேலை: மாடியில் இருந்து ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்குவது, தீயணைப்புக் கருவியை இயக்குவது, மெயின் சுவிட்சையும் கேஸ் வால்வையும் மூடுவது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் இரண்டு மணி நேரம். வருடத்துக்கு எட்டு மணி நேரம். சாவி ஒன்று செக்யூரிட்டி அறையில், ஒன்று ஒவ்வொரு பிளாக்கிலும். பெயர் கொடுக்கும்போது உங்கள் தொழிலையும் எழுதுங்கள். இந்த 168 வீடுகளில் எத்தனை நர்ஸ், எத்தனை எலக்ட்ரீஷியன், எத்தனை டிரைவர் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது. நம் பம்ப்செட்காரர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. பெயர் கொடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள். மனைவியிடம், கணவரிடம், அப்பா அம்மாவிடம். அவர்கள் சம்மதம் இல்லாமல் வருகிறவர் இரண்டாவது ஞாயிறே வர மாட்டார். நான் 1991-ல் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டு வந்து சொன்னேன். இந்த முறை கேட்டுவிட்டேன். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அறுபத்தைந்து வயது, ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாது. சாவி வைத்திருப்பேன்.

நோட்டுப் புத்தகம் வடைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செக்ரட்டரி சார் வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார்.